பள்ளிக்கு முந்திய பள்ளி

நம் சங்கங்களின் கூட்டங்களில் நூல் விலையைப் பற்றியும், வரவேண்டிய தள்ளுபடிப் பாக்கியைப் பற்றியும், விதைநெல், உரம், பயிர்க்கடன் ஆகியவற்றைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். பேச வேண்டியவையே அவை. ஆயினும் ஆறு வயது நிரம்பாத நம் குழந்தைகள் பகற்பொழுதை எங்கே, யாரிடம், எவ்வாறு கழிக்கின்றனர் என்பது எந்தச் சங்கத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெற்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அது வீட்டுக் காரியம், மாதர் காரியம் என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். இம்மாதம் அதைப் பற்றிச் சிறிது எழுத எண்ணுகிறோம்.

“மூன்று வயதுக் குழந்தைக்குப் படிப்பு எதற்கு? ஆறு வயதில் பள்ளியில் சேர்த்தால் போதாதா?” என்று கேட்கும் பெரியோர் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இன்றும் உளர். இதற்கு நேர்மாறாக, மூன்று வயது நிரம்புமுன்னரே குழந்தைக்குக் கழுத்துப்பட்டியும் காலணியும் மாட்டி, வண்டியிலேற்றிப் புதுவை நகரத்து ஆங்கில மழலைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அதன் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் பெற்றோரும் உளர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஏளனம் செய்துகொள்கின்றனர். ஆயினும் இருவர் மனத்திலும் இருக்கும் எண்ணம் ஒன்றே. கல்வி என்பது எழுத்தில் தொடங்குகிறது என்று இருவருமே நம்புகின்றனர். முன்னவர் எழுத்தைத் தள்ளிப்போடுகின்றார். பின்னவர் அதை இழுத்து முன்னே கொண்டுவருகின்றார். எழுத்துக்கு முன்னர் ஒரு நீண்ட கல்வி இருக்கிறது என்பதை இருவரும் கருதவில்லை. 2020ஆம் ஆண்டில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, மூளையின் வளர்ச்சியில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் ஆறு வயதுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது எனக் குறிப்பிட்டு, 3 முதல் 8 வயது வரையுள்ள காலத்தை அடித்தள நிலை என்று பெயரிட்டு, அதில் மூன்று ஆண்டுகளைப் பள்ளிக்கு முந்திய கல்விக்கு ஒதுக்கியுள்ளது. நாற்றங்காலில் செய்யத் தவறியதை நடவு வயலில் ஈடுகட்ட முடியாது என்பதைப் பாகூர் உழவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவ்வாறே நாற்றைப் பிடித்து மேலே இழுத்தால் அது விரைவில் வளராது என்பதையும் அவர் அறிவார்.

நெசவாளி ஒருவர் நடத்திய குழந்தைப் பள்ளி

இப்பொருள் கூட்டுறவாளர்களுக்குப் புதிதன்று. கூட்டுறவின் தந்தை எனப் போற்றப்படும் ராபர்ட் ஓவன், ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையிலுள்ள நியூ லானார்க் பஞ்சாலையின் நிர்வாகத்தை 1800ஆம் ஆண்டில் ஏற்றார். ஆறு, ஏழு வயதுச் சிறுவர்கள் கூட ஆலைகளில் நாள் முழுதும் உழைத்த காலம் அது. பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு எடுப்பதில்லை என்று ஓவன் விதித்தார். பிறகு 1816 ஜனவரி முதல் நாளில் ஆலைக் கிராமத்தில் ஒரு கல்வி நிலையத்தைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். தாய்மார் கவலையின்றி ஆலைக்குச் சென்றனர்.

அப்பள்ளிக்கு ஓவன் தேர்ந்தெடுத்த ஆசிரியர் யார் என்பதை நம் நெசவாளத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஜேம்ஸ் புக்கனன் என்னும் கைத்தறி நெசவாளி அவர். பெரும் படிப்பாளி அல்லர். வாசிப்பதும் எழுதுவதுமே அவருக்குச் சிரமம். ஆனால் குழந்தைகளிடம் எல்லையற்ற அன்பும் பொறுமையும் உடையவர். அவருக்குத் துணையாக மோலி யங் என்ற 17 வயது ஆலைப் பெண் அமர்த்தப்பட்டாள். கற்றறிந்த பழைய உபாத்தியாயர்களை விட்டுவிட்டு இவ்விருவரை ஓவன் நாடியதற்குக் காரணம் உண்டு. எக்காரணத்தைக் கொண்டும் குழந்தையை அடிக்கக் கூடாது, கடுஞ்சொல்லும் கூடாது, புத்தகத்தைக் கொண்டு குழந்தைகளைத் துன்புறுத்தக் கூடாது, சுற்றிலுமுள்ள பொருள்களைக் காட்டி, குழந்தை தானே கேள்வி கேட்கும்போது பேச்சு வாக்கில் விளக்க வேண்டும், விளையாட்டுத் தோழரை மகிழ்விக்க வேண்டும் என்பதே குழந்தைக்குக் கூறும் முதற் பாடம். இவ்விதிகளைப் பிரம்பு பிடித்துப் பழகியவர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதை ஓவன் கண்டுகொண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் லண்டன் நகரத்தாரே தங்களுக்கும் அத்தகைய பள்ளி ஒன்று வேண்டுமென்று அந்த நெசவாளியை அழைத்துக்கொண்டனர்.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்ற பழமொழியை நம் ஊர்களில் சொல்லாதவர் இல்லை. அதை வளைக்கும் கருவி பிரம்பு என்று பழமொழியில் எங்கும் காணோம். அது நம்மவர் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்ட உரை போலும்!

ஓவனுக்குப் பின் 1844இல் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து, அவர்களுள் நெசவாளர் பலர், ஒரு சிறு பண்டகசாலையைத் தொடங்கிய வரலாற்றை அங்கத்தினர் அனைவரும் அறிவர். அந்த முன்னோடிகள் தங்கள் உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர் என்பதைச் சிலரே நினைவிற் கொண்டுள்ளனர். கல்வியும் பயிற்சியும் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றாக இன்றும் நிற்பதற்கு அதுவே மூலம்.

நூலுக்கும் சிறு குழந்தைகளின் கல்விக்கும் உள்ள தொடர்பு இத்துடன் நில்லாது. ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரை 1840இல் வழங்கிய ஜெர்மானியர் பிரெடரிக் ஃப்ரோபெல், குழந்தையின் கையில் முதன்முதலாகக் கொடுக்க வேண்டிய விளையாட்டுப் பொருளாக வகுத்தது என்ன? ஆறு வண்ணக் கம்பளி நூலால் ஆன ஆறு மென்பந்துகள்! வண்ணக் காகிதக் கீற்றுகளைப் பாவும் ஊடையுமாக வைத்துப் பாய்போல் பின்னுவதும் அவர் வகுத்த பயிற்சிகளுள் ஒன்று. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதற் பள்ளியைத் திறந்தபின், நிறம் பகுத்தறியும் பயிற்சிக்குப் பட்டு நூல் சுற்றிய சிறு பலகைகளையே பயன்படுத்தினார். அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தத்தின் காரணமாகப் பல ஆண்டுகள் இந்நாட்டிலேயே தங்கி, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். ஐரோப்பாவின் கல்வி அறிஞர்கள் காசு கொடுத்துச் செய்வித்த அந்தக் கருவிகளின் மூலப்பொருள் நம் வீட்டுத் திண்ணையில், ராட்டையின் அடியில், கழிவு நூலாகச் சிதறிக் கிடக்கிறது.

நம் புதுவை மண் இதில் பின்தங்கியதென்று கூற முடியாது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவரின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானம் எனப்பட்ட கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கிறது. விளைநிலத்தின் வருவாயைக் கொண்டு கல்வியை நடத்துவது இங்கே ஆயிரம் ஆண்டுப் பழைமையுடைய ஏற்பாடு என்பது பெருமைக்குரியதே. அச்சாலையில் நெசவாளியின் பிள்ளையோ உழவரின் பிள்ளையோ அமர்ந்திருக்குமா என்று கேட்டால் அப்பெருமை சற்றுக் குறையும். அது வேறு கதை.

முற்றத்தைத் தேடிச் சென்ற பள்ளி

‘அங்கன்வாடி’ என்ற சொல்லை இன்று நாம் ரேஷன், போஸ்டாபீஸ் என்பவற்றைப் போல வழங்குகிறோம். பழையோர் ‘பால்வாடி’ என்பர். இச்சொற்களின் பின்னே ஓர் அம்மையாரின் வாழ்க்கை இருக்கிறது.

பம்பாயில் 1892இல் பிறந்த தாராபாய் மோடக், குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா நடத்திய குழந்தைப் பள்ளியில் அவருடன் சேர்ந்து பணியாற்றினார். அக்காலத்தில் மாண்டிசோரி முறை என்பது வசதி படைத்தோர் வீட்டுக் குழந்தைகளுக்கே கிட்டியது. அதை ஏழைகளுக்கும் கிராமத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டுமென்று எண்ணி, 1945இல் தாணா ஜில்லாவின் கடலோரக் கிராமமாகிய போர்டியில் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகக் கிளிஞ்சலும், விதையும், இலையும், மண்ணும் பயன்பட்டன. அனுதாய் வாக் என்ற இளம் ஆசிரியை அவருக்குத் துணையானார்.

பள்ளி திறந்தாயிற்று; ஆனால் ஆதிவாசிக் குழந்தைகள் வரவில்லை. அழைத்தும் வரவில்லை. குழந்தைகளுக்குத் தங்கள் குடிசைகளை விட்டு அப்பால் வர அச்சம். பெரிய பிள்ளைகளோ தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். மாடு மேய்க்க வேண்டியவர்கள். வேறு எவராயினும் “இவர்களுக்குக் கல்வியின் அருமை தெரியவில்லை” என்று அறிக்கை எழுதிவிட்டுத் திரும்பியிருப்பர். தாராபாய் அவ்வாறு செய்யவில்லை. குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்று முடிவு செய்தார். குடிசைகளின் நடுவிலுள்ள முற்றத்திலேயே, பெற்றோரின் கண்முன்னே, பாட்டும் விளையாட்டும் நீராட்டலும் தலைவாருதலும் தொடங்கின. முற்றத்துக்கு மராத்தியில் ‘அங்கண்’ என்று பெயர். அங்கன்வாடி பிறந்த விதம் இதுதான். முற்றத்தில் நடந்ததால் தாய்மாரும் பாட்டிமாரும் சுற்றி நின்று பார்த்தனர். பார்த்ததைத் தங்கள் வீட்டில் செய்தனர். பெற்றோருக்கென்று தனியாக ஒரு வகுப்பு வைத்திருந்தால் அவர்களில் பத்தில் ஒருவராவது வந்திருப்பரா என்பது ஐயமே. பின்னர் 1950களின் பிற்பகுதியில் இப்பணி அருகிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. 1962இல் தாராபாய்க்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது, 1973இல் காலமானார்.

இதே காலத்தில் வேறு முயற்சிகளும் நடந்தன. மகாத்மா காந்தி தம் ஆதாரக் கல்வித் திட்டத்தை விரிவாக்கி, ஏழு வயதுக்கு முந்திய கல்வியையும் பெற்றோரின் கல்வியையும் அதனுள் சேர்த்தார். 1953இல் துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் தலைமையில் அமைந்த மத்திய சமூகநல வாரியம் கிராமங்களில் பால்வாடிகளுக்கு உதவியது. 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளிக்கு முந்திய பருவத்துக் குழந்தைகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தது. இவற்றின் பயனாக 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் சோதனையாக ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்று, நாளடைவில் நாடெங்கும் பரவியது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆறு வயது நிரம்பும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்று 45ஆம் விதியை மாற்றி எழுதியது. ‘முயல வேண்டும்’ என்பதற்கும் ‘கொடுக்க வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. கடன் பத்திரம் எழுதிப் பழகிய நமக்கு அது எளிதில் விளங்கும்.

ஆகவே இன்று நம் கொம்யூன்களில் அங்கன்வாடிகள் உள்ளன. கருவுற்ற தாய்மாருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் சத்துணவு; மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சூடான உணவும் விளையாட்டுக் கல்வியும்; தடுப்பூசி, எடை பார்த்தல், மருத்துவப் பரிசோதனை ஆகியவை அவற்றின் வேலை. இவ்வளவும் இருந்தும், “அங்கன்வாடி என்றால் மாவு வாங்கும் இடம்” என்ற எண்ணமே நம்மவரிடம் வேரூன்றியுள்ளது. அங்கே கல்வி நடைபெறுகிறது என்பதைச் சொன்னால் வியக்கின்றனர்.

உணவு முதன்மையானதே, அதில் ஐயமில்லை. எனினும் உணவு மட்டும் போதுமா என்ற கேள்விக்குத் தொலைதூர நாடொன்றில் விடை கிடைத்தது. நம்மைப் போலவே கரும்பு விளையும் ஜமைக்காத் தீவில், கிங்ஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில், 1986-87ஆம் ஆண்டுகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மக்கிரெகர் என்ற மருத்துவ அறிஞர் தெரிந்தெடுத்தார். எல்லாம் ஒன்பது மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்டவை. சில குழந்தைகளுக்கு வாராவாரம் பால்மாவு, சில குழந்தைகளின் வீட்டுக்கு வாரந்தோறும் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணிப்பெண் சென்று, தாய்க்குக் குழந்தையோடு விளையாடக் கற்றுத் தருவது, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. இவ்வாறு இரண்டாண்டுகள் நடந்தது. விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் வீட்டில் எறியும் பொருள்களைக் கொண்டு செய்தவை. இருபது ஆண்டுகள் கழித்து அக்குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தனர். விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் சம்பாத்தியம் பெறாதவர்களுடையதை விட நூற்றுக்கு 25 பங்கு அதிகமாக இருந்தது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய நெடுங்காலப் பயன் தென்படவில்லை. 2014இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. மாவைக் குறை கூறுவதற்கு இதை நாம் எடுத்துக்காட்டவில்லை. மாவை வாங்கிக்கொண்டு திரும்பும் தாய் அங்கே இன்னும் சிறிது நேரம் நின்றிருந்தால் எவ்வளவு ஆதாயம் என்பதற்காகவே சொல்கிறோம்.

அருகில் இருப்பதும் உடன் இருப்பதும்

ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்குக் கிட்டாத ஒரு வாய்ப்பு கைத்தறி நெசவாளியின் குழந்தைக்கு உண்டு. தாயும் தகப்பனும் நாள் முழுதும் வீட்டிலேயே இருக்கின்றனர். ஆனால் அருகில் இருப்பது வேறு, உடன் இருப்பது வேறு. குழித்தறியில் கால் மிதித்துக்கொண்டிருக்கும் தகப்பனிடம் குழந்தை வந்து “இது என்ன அப்பா?” என்று கேட்கிறது. தறியின் சத்தத்தில் கேள்வி காதில் விழுவதில்லை. விழுந்தாலும், “போடா, இழை அறுந்துவிடும்” என்பதே பதில். கூலி கெஜக் கணக்கில் வருவதால் தகப்பனைக் குறை கூறவும் மனம் வரவில்லை. ஒரு நாளில் ஐம்பது முறை இப்பதிலைக் கேட்ட குழந்தை, ஐந்து வயதுக்குள் கேள்வி கேட்பதையே விட்டுவிடுகிறது. பிறகு பள்ளி ஆசிரியர், “உங்கள் பையன் வாயே திறப்பதில்லை” என்கிறார்.

குழந்தையோடு பேசுவதற்குத் தறியை நிறுத்த வேண்டியதில்லை. தாயார் தார் சுற்றும்போது, சிவப்புச் சிட்டத்தை எடுத்து வா, பச்சையை எடுத்து வா என்று ஏவினால் அது நிறப் பாடம். வெறும் தார்க்குழல்களை ஒரு கூடையிலும் நூல் சுற்றியவற்றை மற்றொரு கூடையிலும் போடச் சொன்னால் அது வகை பிரித்தல். எண்ணிப் போடச் சொன்னால் கணிதம். தெருவில் பாவு ஓடும் காலை நேரத்தில் நீளம், குட்டை, நேர், கோணல் ஆகிய சொற்கள் அனைத்தும் கண்முன் நிற்கின்றன. உழவர் வீட்டிலும் அவ்வாறே. படியால் நெல்லை அளக்கும்போது குழந்தையும் ஒரு சிறு டப்பாவால் அளக்கட்டும், சிந்தும், பரவாயில்லை. தென்பெண்ணையாற்றின் நீர் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வந்து, மதகு வழியாக நம் வயலை அடையும் கதையை நான்கு வயதுக் குழந்தைக்கு மண்ணில் கோடு கிழித்துச் சொல்லலாம். அது ஆங்கில மழலைப் பாட்டில் வரும் பனிமழையை விட அதற்கு நன்றாக விளங்கும். வீட்டு வாசலில் கோலப் புள்ளி வைக்கும் அத்தையின் பக்கத்தில் அமர்ந்து ஒரு வரிசைக்கு எத்தனை புள்ளி என்று பார்க்கும் பெண் குழந்தைக்குச் சிலேட்டு வாங்கித் தருவதற்கு அவசரமே இல்லை. ஆண் குழந்தையையும் கோலத்தின் அருகே உட்கார விடலாம் என்பது எம் கட்சி.

ஓர் எச்சரிக்கையும் இங்கே கூறியாக வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் புளியங்கொட்டை, பொத்தான், மணி போன்ற சிறு பொருள்களை விளையாடக் கொடுத்தலாகாது. மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும். நூல் கயிற்றைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் நீளத்தில் விட்டு வைக்கக் கூடாது. சாயத் தொட்டியையும் தறிக்குழியையும் வேலை முடிந்ததும் மூட வேண்டும். பூச்சிமருந்தைக் குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உள்ளது. அது குழந்தையின் உயிரைக் கொள்ளும். அவ்வழக்கத்தை இன்றே விட்டொழிக்க வேண்டும். அதற்குக் கூட்டமோ தீர்மானமோ தேவையில்லை.

நேரமும் ஊதியமும்

இனி, நமக்கு மனக்குறை உள்ள இடத்துக்கு வருவோம். நடவுக்குச் செல்லும் பெண் விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். அங்கன்வாடி அதற்கு வெகு நேரம் கழித்தே திறக்கிறது. நடவுப் பெண் கரையேறுமுன் மூடியும் விடுகிறது. அதுவும் மூன்று வயது நிரம்பிய குழந்தைக்கு மட்டுமே அங்கே நாள்தோறும் அமர இடம். அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தை வேப்பமரத்துத் தூளியில் தொங்குகிறது; அல்லது எட்டு வயது அக்காளின் இடுப்பில் ஏறுகிறது. அவ்வாறாயின் அந்த அக்காளின் பள்ளி போயிற்று. ஒரு குழந்தைக்கு இடமின்மையால் இரண்டு குழந்தைகளின் கல்வி கெடுகிறது. அங்கன்வாடியுடன் சேர்ந்த பகல்நேரக் காப்பகங்களை அமைக்க 2022இல் ‘பால்னா’ என்ற மத்தியத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. அதைக் கேட்டுப் பெறுவது கிராமத்தாரின் உரிமை. கேளாதவர் ஊருக்கு எத்திட்டமும் தானே நடந்து வருவதில்லை.

இத்துறையில் கூட்டுறவின் கைவண்ணத்தை ஆமதாபாத்தில் காணலாம். 1972இல் இலா பட் அம்மையார் நிறுவிய சேவா என்னும் சுயதொழில் மாதர் சங்கத்தின் சார்பில் ‘சங்கினி’ என்ற கூட்டுறவுச் சங்கம் குழந்தைக் காப்பகங்களை நடத்துகிறது. காப்பகத்தில் பணிபுரியும் பெண்களே அச்சங்கத்தின் பங்குதாரர்கள். தாய் எப்பொழுது வேலைக்குப் போகிறாளோ அதற்கேற்பக் காப்பகத்தின் நேரம் அமைகிறது. தாய்மாரும் தம்மால் இயன்ற சிறு கட்டணம் செலுத்துகின்றனர்; ஆகவே கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கிறது. குஜராத்தில் கேடா ஜில்லாவின் புகையிலைத் தொழிலாளப் பெண்களிடையேயும் இம்முறை வேர்கொண்டது. இத்தாலியில் 1945இல், யுத்தம் ஓய்ந்த சில நாள்களில், ரெஜ்ஜோ எமிலியா நகரத்தை அடுத்த வில்லா செல்லா என்ற சிற்றூர் மக்கள், ஜெர்மானியர் விட்டுச் சென்ற ஒரு பீரங்கி வண்டியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அப்பணத்தைக் கொண்டு தாங்களே செங்கல் சுமந்து ஒரு குழந்தைப் பள்ளி கட்டினர். லோரிஸ் மாலகுட்சி என்ற இளம் ஆசிரியர் அச்செய்தி கேட்டு மிதிவண்டியில் அங்கு வந்து சேர்ந்தார். அம்முறை இன்று உலகப் புகழ் பெற்றது. நம்மிடம் விற்பதற்குப் பீரங்கி வண்டி இல்லை. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டிடங்கள் இருக்கின்றன.

நடவுக்கும் அறுப்புக்கும் உரிய சில வாரங்களுக்கு மட்டும் கட்டிடத்தின் ஓர் அறையைத் தூய்மை செய்து, ஊரில் குழந்தை வளர்த்துப் பழகிய இரண்டு ஆயாமாரைக் கூலி கொடுத்து அமர்த்தி, காலை ஆறு மணி முதல் கைக்குழந்தைகளை ஏற்றுக்கொள்ளலாம் அல்லவா? சங்கத்தின் துணைவிதிகளில் கல்வி நிதிக்கோ பொதுநல நிதிக்கோ இடமிருந்தால், பொதுப் பேரவையின் ஒப்புதல் பெற்று அதிலிருந்து செலவிட இயலுமா என்று காரியதரிசிகள் கூட்டுறவுத் துறை அதிகாரிகளைக் கேட்டறிய வேண்டும். “லாபமில்லாத சங்கம் குழந்தைகளுக்கு என்ன செய்யும்?” என்று சிலர் கேட்பர். அறையும் விளக்குமாறும் லாபத்தில் வாங்க வேண்டியவை அல்ல.

அங்கன்வாடி ஊழியரைப் பற்றியும் ஒரு சொல். இவர் பெறுவது ஊதியம் என்று கூட அழைக்கப்படுவதில்லை, மதிப்பூதியம் என்பர். கல்வி, உணவு, எடை, தடுப்பூசிப் பட்டியல், கைப்பேசியில் பதிவு என்று வேலை மட்டும் கூடிக்கொண்டே செல்கிறது. 2022 ஏப்ரல் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது ஓரளவு ஆறுதல். நாம் கூலி உயர்வு கேட்டு மனு அளிக்கும் போது நம்மை ஏழைத் தொழிலாளர் என்கிறோம். நம் குழந்தைக்கு முதற் பாடம் சொல்லும் பெண்ணுக்கு அதே நீதி வேண்டாமா? அவர் மாதந்தோறும் படிவம் எழுதும் நாளில் உதவிக்குப் படித்த நம் இளைஞர் ஒருவர் சென்றாலும், அந்த நேரம் குழந்தைகளின் விளையாட்டுக்குத் திரும்பக் கிடைக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியது மற்றொன்று. அங்கன்வாடியில் மாதம் ஒரு நாளைப் பள்ளிக்கு முந்திய கல்விக்கான நாளாக வைத்து, பெற்றோரை அழைத்து, குழந்தைகள் செய்தவற்றைக் காட்டி, வீட்டில் செய்யக் கூடியவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட இரு பாடத்திட்டங்களுள் ‘நவசேதனா’ என்பது பிறந்தது முதல் மூன்று வயது வரையும், ‘ஆதார்ஷிலா’ என்பது மூன்று முதல் ஆறு வயது வரையும் உள்ள குழந்தைகளுக்கானவை. இரண்டும் பெற்றோரையே முதல் ஆசிரியராகக் கொள்கின்றன. ஆனால் அந்நாளில் வந்து அமர்பவர் யார்? பெரும்பாலும் தாய்மார், அவர்களிலும் வேலைக்குச் செல்லாதவர். தகப்பனார் ஒருவர் வந்துவிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்க்கின்றனர். அவரும் கதவோரமே நின்றுவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

அதற்கு வேலைநாளில் கூட்டம் வைப்பதும் ஒரு காரணம். அமாவாசையன்று தறி நிறுத்துவதும், அன்று ஏர் பூட்டாதிருப்பதும் நம் ஊர்கள் பலவற்றில் பழைய வழக்கம். நெசவாளிக்கும் உழவருக்கும் கூலி கெடாமல் ஒருங்கே ஓய்வு கிடைக்கும் நாள் மாதத்தில் அது ஒன்றுதான். அன்று காலையில், படையலுக்கும் சமையலுக்கும் முன்னதாக, ஒரு மணி நேரம் பெற்றோர் கூட்டத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அந்தந்த ஊர்ச் சங்க நிர்வாகிகள் அங்கன்வாடி ஊழியரிடம் கலந்து பேசலாம். கழிவு நூலும் உடைந்த தார்க்குழலும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லட்டும். வண்ணப் பந்து சுற்றுவதற்குத் தகப்பன்மாரின் கைகளே ஏற்றவை.

கூட்டம் நடத்திய சங்கங்கள், எத்தனை தகப்பனார் வந்தனர் என்ற கணக்கை மட்டும் நமக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.